வான் பாயும்போது ஏறுகிற மீன்: வாசகர் கேள்வி பதில்

கனகராயன்குளத்தில் பிறந்தவர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஆறு ஆண்டுகள் சமன் மீன் கணக்கெடுப்பில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். இப்போது வன்னிக் குளங்களிலும் ஆறுகளிலும் மீன்களைக் கண்காணிக்கும் மீன்வள உயிரியலாளர். சென்ற இதழில் அவரைப் பற்றிய குறிப்பு வந்ததிலிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு அவரே பதில் எழுதுகிறார்.

என் மகள் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். மீன்வளம் படிக்கப் போகிறேன் என்று நிற்கிறாள். “மீன்காரியாகவா போகப்போறாய்?” என்று சொந்தக்காரர் கேட்கிறார்கள். இந்த வேலையில் நீங்கள் உண்மையில் என்னதான் செய்கிறீர்கள்?
— ஒரு தாய், ஒட்டுசுட்டான்

அம்மா, என் தொழிலில் பாதியை மீன் விற்கிற பெண்களிடம்தான் படித்தேன். செவுளைத் தூக்கிப் பார்த்து, இது நேற்றுப் பின்னேரம் பிடித்தது, இது இன்று விடியப் பிடித்தது என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்டு மகள் முகம் சுருங்கத் தேவையில்லை.

வேலை விடியவே தொடங்கிவிடும். ஐந்தரைக்கெல்லாம் இரணைமடுக் குளத்தில் தோணிகள் கரை சேரும் இடத்தில் நிற்கவேண்டும். எந்த வலை, கண் எவ்வளவு, எத்தனை மணித்தியாலம் தண்ணீரில் கிடந்தது, தோணியில் எத்தனை பேர் போனார்கள் என்று முதலில் கேட்டு எழுதுவேன். பிறகு மீனை இனம் பிரித்து அளவுப் பலகையில் கிடத்தி, மூக்கைக் கட்டையில் முட்டவைத்து வால் நுனிவரை நீளம் பார்ப்பேன். அப்புறம் தராசில் நிறை. சிலவற்றின் வயிற்றைக் கீறி முட்டை எந்தப் பருவத்தில் இருக்கிறது என்றும் பார்க்கவேண்டும். ஐஸ் பெட்டி கட்டிய மோட்டார்சைக்கிளோடு வியாபாரி பக்கத்திலேயே நிற்பார். நான் மெதுவாக அளந்தால் மீனவருக்கு விலை போய்விடும், அடுத்த நாள் அவர் கூடையைக் காட்டமாட்டார். கைவேகம் இல்லாமல் இந்த வேலை நடக்காது. இன்னொன்று, பென்சிலால்தான் எழுதவேண்டும். பேனை மை மீன்தண்ணீர் பட்டால் கரைந்துவிடும்.

வெயில் ஏறியதும் தண்ணீரைப் பார்ப்போம். சூடு, ஒட்சிசன், கலங்கல் மூன்றும் முக்கியம். கறுப்பும் வெள்ளையும் பூசிய ஒரு தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பதுதான் கலங்கல் கணக்கு. மத்தியானத்துக்குப் பிறகு கொப்பியில் இருப்பதைக் கணினிக்கு ஏற்றுவோம். மாதத்தில் இரண்டொரு பின்னேரம் நன்னீர் மீனவர் சங்கக் கூட்டங்களுக்கும் போகவேண்டும்.

படிக்க இடங்கள் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மீன்வளம் இருக்கிறது. மாத்தறையில் ருகுணு, மாக்கந்துறையில் வயம்ப என்று போனவர்களும் இருக்கிறார்கள். சேற்றில் நிற்கவும் சனத்தோடு கதைக்கவும் பிடிக்குமா என்று மட்டும் மகளிடம் கேளுங்கள். ஓம் என்றால் அனுப்புங்கள்.

ஆற்றில் ஓடுகிற சமன் மீனை எப்படி எண்ணுகிறீர்கள்? பாடப்புத்தகத்தில் “இடம்பெயரும் மீன்” என்று ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைகளுக்குச் சொல்ல விளக்கமாக எழுதுங்கள்.
— ஒரு விஞ்ஞான ஆசிரியர், கிளிநொச்சி

சேர், முதலில் மீனைச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் பசுபிக் கரையில் சமன் ஐந்து இனம்: சினூக், கோஹோ, சொக்கை, பிங்க், சம். எல்லாம் ஆற்றின் நன்னீரில் பொரித்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடும் காலம் வந்ததும் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். சொக்கை பெரும்பாலும் நாலாம் ஆண்டில் வரும், பிங்க் இரண்டாம் ஆண்டிலேயே வந்துவிடும். சொந்த ஆற்றின் மணத்தைக் குஞ்சிலேயே பழகி வைத்திருக்கிறது, அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது. ஆற்றுக்குள் நுழைந்த பிறகு இரை தின்னாது. ஒருதரம் முட்டையிட்டதும் செத்துவிடும்.

சின்னத் துணையாறு என்றால் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை கம்பிவேலி அடைப்போம். தண்ணீர் போகும், மீன் போகாது. நடுவில் ஒரேயொரு வாசல். வாசலடியில் வெள்ளைப் பலகை பதித்திருக்கும், மீனின் முதுகு வடிவாகத் தெரியவேண்டும் என்பதற்காக. வாசலைத் திறந்துவிட்டு மேலே தட்டில் குந்தியிருந்து, கடக்கிற ஒவ்வொரு மீனுக்கும் கையில் இருக்கிற எண்ணியை ஒருதரம் அமத்தவேண்டும். இரண்டு இனம் சேர்ந்து வருகிற காலத்தில் வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று. இரவிலும் விளக்குப் போட்டு எண்ணுவோம். ஒக்டோபர்க் குளிரில் அந்த எண்ணியின் உலோகம் பெருவிரலில் ஒட்டுவதுபோல இருக்கும், கையுறையோடு அமத்தினால் சில வேளை இரண்டாக விழும். அதனால் கையுறையின் பெருவிரலை மட்டும் வெட்டிவிடுவோம்.

பெரிய ஆற்றில் வேலி நிற்காது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஓடும் பிரேசர் ஆறு 1,375 கிலோமீற்றர் நீளம். அங்கே ஒலியலையைத் தண்ணீருக்குள் அனுப்பி மீனைப் பார்க்கிறார்கள், ஆசுப்பத்திரியில் வயிற்றுப் பிள்ளையை ஸ்கான் பண்ணுவதுபோல. இன்னொரு வழி, கொஞ்ச மீனைப் பிடித்து அடையாளம் குத்திவிட்டு, பிறகு செத்த மீன்களில் எத்தனைக்கு ஒன்று அடையாளத்தோடு கிடக்கிறது என்று பார்த்து மொத்தத்தைக் கணிப்பது.

அந்தச் செத்த மீன்களை எண்ணுவதில்தான் எனக்கு நாட்கள் கூடுதலாகப் போயின. கரையோரம் நடந்து ஒவ்வொன்றாகக் கொளுவியால் இழுப்போம். ஆணா, பெண்ணா? பெண் என்றால் வயிற்றைக் கீறி, முட்டை முழுவதும் இட்டுவிட்டதா என்று பார்ப்போம். முதுகின் பின்பக்கம் இருக்கிற சின்னக் கொழுப்புச் செட்டை வெட்டப்பட்டிருந்தால் அது குஞ்சுப் பொரிப்பகத்தில் இருந்து விடப்பட்ட மீன். அதன் மூக்குக்குள் ஒரு மில்லிமீற்றர் அளவுக் கம்பித்துண்டு இருக்கக்கூடும், எந்தப் பொரிப்பகம், எந்த ஆண்டு என்று அதில் பொறித்திருக்கும். அப்படியான மீனின் தலையை வெட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம். எல்லாம் முடிந்ததும் உடலை நடுவால் இரண்டாக வெட்டி ஆற்றிலேயே போட்டுவிடவேண்டும். இரண்டு துண்டாகக் கிடந்தால் எண்ணியாயிற்று என்று அர்த்தம். அடுத்த நாள் வருகிறவர் அதைத் திரும்ப எண்ணமாட்டார்.

முதல் நாள் எனக்குக் கை கூசியது. அவ்வளவு தூரம் நீந்தி வந்த உயிரை வெட்டுவதா என்றிருந்தது. என்னோடு வேலை செய்த செக்வெபெம் பூர்வகுடிப் பெண்ணொருவர் என் கையிலிருந்து கத்தியை வாங்கி, வெட்டி, இரண்டு துண்டையும் ஆறுதலாகத் தண்ணீரில் வைத்தார். எறியவில்லை, வைத்தார். அந்த உடல்தான் கரடிக்கும் கழுகுக்கும், வருகிற வசந்தத்தில் பொரிக்கும் குஞ்சுகள் தின்னுகிற பூச்சிகளுக்கும், கரையில் நிற்கிற மரத்துக்கும் சாப்பாடு. பிறகு நானும் அப்படித்தான் வைத்தேன். முட்டை நிறைந்த வயிற்றோடு செத்துக் கிடக்கும் பெண்மீன்களைக் காண்பதுதான் கடைசிவரை எனக்குப் பழகவில்லை. ஆற்றுத் தண்ணீர் சூடேறிய ஆண்டுகளில் அப்படி நிறையக் கிடக்கும்.

எண்ணி என்ன பலன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். 2009இல் பிரேசர் ஆற்றுக்குச் சொக்கை ஒரு கோடிக்கு மேல் வரும் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது சுமார் 15 இலட்சம். நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணை ஆணைக்குழுவே வைத்தார்கள். அடுத்த ஆண்டு, 2010இல், ஏறத்தாழ 3 கோடி வந்தது. 1950களிலிருந்து ஒவ்வொரு துணையாறாக எண்ணி எழுதிய பதிவு இருந்தபடியால்தான் எது வழமை, எது வழமைக்கு மாறு என்று அவர்களால் கதைக்கவே முடிந்தது. 1914இல் ரயில்பாதை வேலையால் ‘ஹெல்ஸ் கேற்’ என்ற இடுக்கில் பாறை சரிந்து ஆறு ஒடுங்கிப்போனது. சமன் ஏற முடியாமல் கீழே குவிந்தது. 1940களின் நடுவில்தான் அங்கே மீன்பாதை கட்டினார்கள். 2019இல் ‘பிக் பார்’ என்ற இடத்தில் இன்னொரு சரிவு தெரியவந்தபோது, அந்த ஆண்டே மீன்களைத் தொட்டியில் ஏற்றி ஹெலிகொப்டரில் மேலே கொண்டுபோய் விட்டார்கள். இரண்டுக்கும் இடையில் ஒரு நூற்றாண்டு, சேர். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள்.

கடையில் வாங்குகிற சமன் ரின்னில் இருப்பது இந்த மீன்தானா?
— புதுக்குடியிருப்பு வாசகி

பெரும்பாலும் இல்லை. மீன்ரின் எல்லாவற்றையும் ‘சமன்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். உள்ளே இருப்பது அநேகமாகக் கானாங்கெளுத்திக் குடும்பத்து மீனோ பாரைக் குடும்பத்து மீனோதான். லேபலில் எழுதியிருக்கும், வாசித்துப் பாருங்கள். உண்மையான சமனின் சதை செம்மஞ்சள் நிறம். நல்ல மீன்தான் இரண்டும்.

ஓகஸ்ட் மாதத்தில் எங்கள் குளம் வற்றும்போது அலைகரையில் சட்டி சட்டியாகக் குழிகள் தெரிகின்றன. வட்டமாக, ஒரே அளவில் இருக்கின்றன. ஆமை தோண்டியதா?
— பத்தாம் வகுப்பு மாணவன், உடையார்கட்டு

தம்பி, நல்ல கண் உனக்கு. அது ஆமை இல்லை, திலாப்பியா. ஆண் மீன் வாயால் மண்ணைக் கவ்விக் கவ்வி வெளியே துப்பி அந்தக் குழியைச் செய்கிறது. பெண் வந்து அதில் முட்டையிட்டதும், அந்த முட்டைகளைத் தன் வாய்க்குள்ளேயே எடுத்துக்கொண்டு போய்விடும். குஞ்சு பொரித்து நீந்தும்வரை, இரண்டு மூன்று கிழமை, வாய்க்குள் வைத்தே காக்கும். குழி ஆணுடைய வீடு, தொட்டில் தாயின் வாய்.

சமனும் குழி தோண்டும். ஆனால் அங்கே தோண்டுவது பெண். பக்கவாட்டில் சரிந்து வாலால் அடித்து அடித்துச் சரளைக்கல்லை விலக்கி, முட்டையிட்டு, மேற்பக்கத்துக் கல்லால் மூடிவிடும். பாசி பிடித்த ஆற்றடியில் புதிதாகப் புரட்டிய கல் மட்டும் வெளிறித் தெரியும். அந்த வெளிறலைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பருவம் முழுவதும் எடுத்தது. ஊருக்கு வந்து முதல் கோடையில் முத்துஐயன்கட்டுக் குளத்தின் அலைகரையில் இந்தச் சட்டிகளைக் கண்டபோது, சின்ன வயதில் அவற்றுக்குள் காலை வைத்து விளையாடினது ஞாபகம் வந்தது.

நீ ஒன்று செய். ஒரு கயிற்றால் பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர் சதுரம் அடித்து, உள்ளே எத்தனை குழி, ஒவ்வொன்றும் எத்தனை சென்ரிமீற்றர் அகலம் என்று எழுதி வை. அடுத்த ஓகஸ்டிலும் அதே இடத்தில் எழுது. எனக்கு அனுப்பினால் நான் பாதுகாத்து வைப்பேன்.

மீனுக்கு எத்தனை வயது என்று எப்படித் தெரியும்?
— ஏழாம் வகுப்பு மாணவி, முள்ளியவளை

பிள்ளை, மீனின் தலைக்குள்ளே காதுக்கல் என்று சின்ன வெள்ளைக் கல் இருக்கிறது. மரத்தை அறுத்தால் வளையம் தெரியுமே, அதுபோல அந்தக் கல்லிலும் செதிலிலும் வளையம் இருக்கும். குளிர்நாட்டில் மாரியில் மீன் மெதுவாக வளருவதால் வளையம் நெருக்கமாக விழும், அதை எண்ணி வயது சொல்லலாம். பொரிப்பகங்களில் குஞ்சு வளரும் தண்ணீரின் சூட்டை வேண்டுமென்றே மாற்றி மாற்றி, காதுக்கல்லில் கோடு விழப்பண்ணுவார்கள். அது அந்தப் பொரிப்பகத்தின் கையெழுத்து.

எங்கள் குளத்தில் பனிக்காலம் இல்லை. வளையம் அவ்வளவு தெளிவாக இராது. அதனால்தான் மாதாமாதம் நூற்றுக்கணக்கான மீனின் நீளத்தை அளந்து, எந்த அளவு மீன் எத்தனை என்று பார்த்து வயதைக் கணிக்கிறோம். பெரிய மீன் தலைக்கறி சமைக்கும்போது அம்மாவிடம் கேட்டுக் காதுக்கல்லைத் தேடிப் பார். கண்ணுக்குப் பின்னால், மூளைக்குக் கீழே, இரண்டு பக்கமும் இருக்கும்.

பிடித்த மீனின் கணக்கை உள்ளபடி சொன்னால் குளத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிடுவார்கள், அல்லது குஞ்சு விடுவதைக் குறைப்பார்கள் என்று எங்கள் ஆட்கள் பயப்படுகிறார்கள். கையிலே காசு தராத கணக்கை ஏன் சொல்லவேண்டும்?
— குளத்து மீனவர், வவுனிக்குளம்

அண்ணை, பயம் நியாயமானது. இதற்கு நான் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்லவேண்டும்.

நான் இங்கே வேலைக்கு வந்த புதிதில் ஒரு குளத்தின் பதிவுக் கொப்பியைத் தந்தார்கள். மாதக்கணக்காக ஒவ்வொரு நாளும் ஒரே எண். மழை பெய்தாலும் வெயில் எறித்தாலும், பொங்கல் அன்றும் தீபாவளி அன்றும் அதே நிறை. எழுதியவர் குளக்கட்டில் கால் வைக்கவேயில்லை. அதை வாசித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் குஞ்சு விடும் திகதி நெருங்கிவிட்டது என்று கையெழுத்து வைத்துவிட்டேன். சிறுபோகத்துக்குத் துருசு (மதகு) திறந்து, குளம் முழங்காலளவுக்கு வந்ததும், விட்ட குஞ்சுகளில் பெரும்பகுதியை நீர்க்காகமும் கொக்கும் தின்றன. அந்தக் குளம் அந்தக் காலத்தில் எப்போதும் வற்றும் என்று கரையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கொப்பியில் மட்டும் அது இல்லை. அந்த ஆண்டு அங்கே தொழில் செய்த குடும்பங்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்தக் கையெழுத்து என்னுடையது.

கணக்குத் தப்பினால் முதலில் அடிபடுவது நீங்கள்தான் என்று நான் சொல்வது அதனால்தான். இன்னொன்றும் பாருங்கள். ஐந்து தோணி போய் நூறு கிலோ கொண்டுவருவதும், பத்துத் தோணி போய் அதே நூறு கிலோ கொண்டுவருவதும் சங்கக் கொப்பியில் ஒரே எண்தான். குளத்தின் நிலைமை ஒன்றா? தோணி ஒன்றுக்கு வருகிற மீன் பாதியாகிவிட்டது. அதனால்தான் எத்தனை தோணி, எவ்வளவு நேரம் என்று நச்சரிக்கிறேன். மீனின் நீளமும் அப்படித்தான். கட்லா, ரோகு, மிருகால் எங்கள் குளத்தில் தானாகப் பெருகாது, அவற்றுக்கு ஓடுகிற ஆற்றுத் தண்ணீர் வேண்டும். ஆகவே விட்ட குஞ்சில் எத்தனை பிழைத்தது என்பது உங்கள் கூடையில்தான் தெரியும். திலாப்பியா தானாகப் பெருகும். 1952இல் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த மீன், இன்று குளத்துத் தொழிலையே அதுதான் தாங்குகிறது. அதன் சராசரி நீளம் ஆண்டாண்டாகக் குறைந்தால் அநேகமாக வலைக்கண் சின்னதாகிவிட்டது என்று அர்த்தம். கண்ணை நீட்டிப் பிடித்தால் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது என்பது சட்டம், மூன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. தங்கூசி வலை (ஒற்றை நைலோன் இழை வலை) அறவே கூடாது. இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இரவில் அந்த வலை விழுகிறதும் உங்களுக்குத் தெரியும்.

எங்கள் குளங்களின் பழைய கணக்கு கிழிந்த கொப்பி மாதிரி. 1990இல் அரசு உள்நாட்டு மீன்பிடிக்கான ஆதரவை நிறுத்தியது, 1994இல்தான் திரும்பத் தொடங்கியது. அதோடு யுத்தம். 2009 வரை இங்கே யார் எண்ணுவது? இடம்பெயர்ந்த சனம் குளத்து மீனில்தான் பல நாள் உயிர் வாழ்ந்தது, அதற்கும் ஒரு வரி எழுத்துக் கிடையாது. பிரேசர் ஆற்றுக்கு இருக்கிற பதிவு எங்கள் ஆறு ஒன்றுக்கும் இல்லை. நாங்கள் இப்போது எழுதுவதுதான் தொடக்கம்.

என்னால் தரக்கூடிய உறுதி இது. ஆளின் பெயரை எழுதமாட்டேன், தோணிக்கு எண் மட்டும்தான். மாதக் கடைசியில் கணக்கின் முதல் பிரதி உங்கள் சங்கத்துக்கு வரும், பிறகுதான் மேலே போகும். பிழை கண்டால் கூட்டத்தில் எழும்பிச் சொல்லுங்கள், திருத்துவேன்.

நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு ஏன் வந்தீர்கள்?
— ஸ்காபரோவில் இருந்து ஒரு மாங்குளத்தார்

2014 ஒக்டோபரில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆடம்ஸ் ஆற்றங்கரையில் நின்றேன். நாலு ஆண்டுக்கு ஒருமுறை சொக்கை பெருவாரியாக வருகிற ஆண்டு அது. ஆறு கரைக்குக் கரை சிவப்பு. சனம் பிள்ளைகுட்டியோடு வந்து பார்த்துக்கொண்டு நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மீனின் பெயர், வயது, எங்கேயிருந்து வருகிறது எல்லாம் தெரிந்திருந்தது. கனகராயன் ஆற்றில் எத்தனை வகை மீன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் அந்த ஆற்றங்கரையில் பிறந்த எனக்குப் பதில் தெரியாது. அதுதான் காரணம்.

கரடிக்குப் பயமில்லையா? இங்கே முதலை?
— மல்லாவி வாசகர்

வன்னியில் பிறந்தவர்களுக்குக் கரடி புதிதில்லை. பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குள் தனியே போகாதே என்று சொல்லி வளர்த்தவர்கள்தானே. அங்கேயும் அதே பாடம்தான்: சத்தம் போட்டுக்கொண்டு நட, வளைவில் கைதட்டு, செத்த மீன் குவிந்த இடத்தில் நிற்காதே. நான் உரத்துத் தேவாரம் படித்துக்கொண்டு நடப்பேன்.

முதலைக்குத்தான் கூடுதல் கவனம். விடியலிலும் மம்மலிலும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்குவதில்லை. வலையில் சிக்கிய மீனைத் தேடி அது வரும். வலை கிழிந்து போகிற செலவு முழுவதும் மீனவருடைய தலையில்தான் விழுகிறது, அதற்கு ஏதாவது ஒழுங்கு செய்யவேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லி வருகிறேன்.

சமனை எங்கள் குளங்களில் வளர்த்தால் நல்ல வருமானம் வருமே?
— வவுனியா வாசகர்

வளராது, ஐயா. தண்ணீர் 20 பாகை செல்சியசைத் தாண்டினாலே சமன் களைத்துப்போகும். எங்கள் குளங்கள் சாதாரணமாக 28, 30 பாகையில் நிற்கின்றன. சூடான தண்ணீரில் ஒட்சிசனும் குறைவு. சமனின் குடும்பத்தைச் சேர்ந்த வானவில் திரவுட் மீனை ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நுவரெலியாப் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். மலைக்குளிரில்தான் அது நின்றது. அதோடு, வேறிடத்து மீனை விடுமுன் நூறுதரம் யோசிக்கவேண்டும். கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்த்த ‘ராங்க் கிளீனர்’ மீனைக் குளத்தில் கொட்டியவர்களால் இன்று எத்தனை வலை முள்ளில் சிக்கிக் கிழிகிறது என்று மீனவரைக் கேளுங்கள். எங்களிடம் விரால் இருக்கிறது. வருமானம் வேண்டுமென்றால் அதைக் கவனிப்போம்.

குளம் நிரம்பி வான் பாயும்போது மீன் ஏறும். அப்பு காலத்திலிருந்து அதைப் பிடித்துச் சாப்பிடுகிறோம். அது பிழை என்று நீங்கள் ஒரு கூட்டத்தில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?
— விசுவமடு வாசகர்

பிழை என்று சொல்லவில்லை. சொன்னதை முழுவதும் எழுதுகிறேன்.

நானும் அந்த மீனைத் தின்று வளர்ந்தவள். கனகராயன்குளத்தில் முதல் வான் பாய்கிற இரவில் அம்மப்பா லாம்பும் வீச்சுவலையுமாகப் போவார். விடியக் கூடையில் விரால், கெளுத்தி, வாளை எல்லாம் கிடக்கும். அந்த நாளையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கறிக்கு எடுத்தார்கள். இப்போது வானின் கீழ்ப் பள்ளத்தை முழு அகலத்துக்கும் நுளம்புவலையால் மறிக்கிறார்கள். நுளம்புவலையில் தப்புவது ஒன்றுமில்லை, விரல்நகம் அளவுக் குஞ்சும் வந்துவிடும். அதைத்தான் கூட்டத்தில் சொன்னேன்.

மீன் ஏன் ஏறுகிறது? முட்டையிட. விரால் வெள்ளம் பரவிய வயலுக்குள்ளும் பற்றைக்குள்ளும் போய் முட்டையிட்டு, சிவப்புக் குஞ்சுகளைத் தாயும் தகப்பனும் காவல் காக்கும். வயல்காரர் எல்லோரும் அதைக் கண்டிருப்பார்கள். வயிறு பெருத்த விரால் ஒன்றைப் பிடித்தால் ஆயிரக்கணக்கான முட்டையும் சேர்ந்துதான் சட்டிக்குப் போகிறது.

கனகராயன் ஆற்றை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். சேமமடுப் பக்கம் தொடங்கி, வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மூன்று மாவட்டத்தையும் தொட்டு, ஆனையிறவுக் கடல்நீரேரிப் பக்கம் போய் முடிகிறது. நடுவில் இரணைமடு. 1902இல் வேலை தொடங்கி 1920களின் தொடக்கத்தில் கட்டி முடித்தார்கள். அண்மைய புனரமைப்பில் குளத்தின் நீர்மட்டத்தை 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்தினார்கள். நெல்லுக்கு அது உயிர், அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் கீழே இருந்து வருகிற மீனுக்கு அது சுவர். நான் வேலை செய்யும் குளம் எதிலும் மீன்பாதை கிடையாது. 2018 டிசெம்பரில் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சி வெள்ளத்தில் மிதந்தபோது ஊர் முழுவதும் கண்ட மீன், மேலே இருந்து கீழே அடித்துக்கொண்டு வந்த மீன். திரும்பிப் போக அதற்கு வழியில்லை.

இதில் பெரிய கஷ்டம் விலாங்குக்கு. சமனைத் தலைகீழாகத் திருப்பினால் விலாங்கு. அது ஆழ்கடலில் பிறந்து, கண்ணாடிபோன்ற குஞ்சாக ஆற்று வாய்க்கு வந்து, நன்னீருக்கு ஏறி, ஆண்டுக்கணக்கில் எங்கள் குளத்திலும் கிணற்றடி வாய்க்காலிலும் வளர்ந்து, கடைசியில் ஒரேயொருதரம் கடலுக்கு இறங்கி முட்டையிட்டுச் செத்துவிடும். குளத்தில் அது முட்டையிடாது. ஆகவே ஒவ்வொரு விலாங்கும் கடலிலிருந்து ஏறி வந்தது. குளங்களில் விடுகிற பெரிய நன்னீர் இறாலுக்கும் அப்படி ஒரு தேவை உண்டு. அதன் குஞ்சு வளர உவர்த்தண்ணீர் வேண்டும். அதனால்தான் இறாலை ஒவ்வொரு தரமும் வாங்கி விடவேண்டியிருக்கிறது.

போன மாரியில் ஒரு சின்னக் குளத்தின் வானடியில் இரவு பதினொரு மணிக்கு டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாய்கிற தண்ணீரில் ஒன்றும் இல்லை. பக்கச் சுவரில், தெறிக்கிற துளியால் பாசி பிடித்த ஈரத்தில், ஏதோ நூல் ஒட்டியிருப்பதுபோலத் தெரிந்தது. கிட்டப் போனால் விலாங்குக் குஞ்சு. விரல் நீளம், நெருப்புக்குச்சித் தடிப்பு. வயிற்றைச் சுவரில் ஒட்டி, கொஞ்சம் ஏறும், நிற்கும், திரும்ப ஏறும். எண்ணினேன், 23. ஈரம் ஒரு ஆள் உயரத்தோடு முடிந்து அதற்கு மேல் காய்ந்த சீமெந்து. அந்த விளிம்புக்கு வந்ததும் ஒவ்வொன்றாக வழுக்கிக் கீழே விழுந்தன, திரும்பவும் தொடங்கின. விடிய வெயில் வந்து போய்ப் பார்த்தபோது நாலு குஞ்சு சுவரிலேயே காய்ந்து ஒட்டியிருந்தன.

அடுத்த இரவு, சங்கத் தலைவரிடம் கேட்டு, தடித்த தும்புக்கயிறு மூன்றை வானின் விளிம்பிலிருந்து கீழே தண்ணீர்வரை தொங்கவிட்டோம். கயிறு தண்ணீரை உறிஞ்சி முழு நீளத்துக்கும் ஈரமாக இருக்கும், தும்புக்குள் உடம்பைக் கொளுவிக்கொண்டு குஞ்சு ஏறலாம். வேறு நாடுகளில் அணைகளில் இப்படிக் கயிறும் தூரிகையும் வைக்கிறார்கள். எங்களுக்குச் செலவு மூன்று கயிற்றின் விலைதான். பெரிய மீனுக்குக் கயிறு போதாது. வானின் ஒரு பக்கமாகக் கல்லடுக்கிச் சரிவாக ஒரு வாய்க்கால் வேண்டும். அதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சரி, உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். நுளம்புவலை வேண்டாம். அத்தாங்கோ வீச்சுவலையோ போதும். வானடியை முழுவதும் மறிக்காமல் ஒரு பக்கத்தை விட்டுவிடுங்கள். வயிறு பெருத்த விராலைத் திரும்ப விடுங்கள், முடிந்தால் வானுக்கு மேலே கொண்டுபோய் விடுங்கள். விலாங்குக் குஞ்சைக் கண்டால் நசித்துவிடாதீர்கள், பாம்புக்குட்டி என்று பலர் அடித்துவிடுகிறார்கள்.

இந்தப் பெரும்போக மழையில் வான் முதன்முதலாகப் பாயும் இரவில் நான் விசுவமடுப் பக்கம்தான் நிற்பேன். அளவுப் பலகையும் லாம்பும் கொண்டுவருவேன். நீங்கள் பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகுமுன் வாளியை ஐந்து நிமிடம் எனக்குத் தாருங்கள்.